இன்ஜின் ஏன் இரைந்தது

தம்பி,

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நீ "சாப்பிட்டியாப்பா?" என்கிறாய், நான் "ஆச்சு" என்கிறேன், நீ முட்டி வலியைப் பற்றிக் கேட்கிறாய், நான் தோஹாவில் வெயில் எப்படி என்று கேட்கிறேன், அதோடு போனை வைத்துவிடுகிறோம். அப்பாவும் மகனும் இத்தனை வருஷமாக இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். வேலை முடிந்து அறைக்குப் போய், ஆற அமர உட்கார்ந்து படி. பதறாதே, எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. விஷயம் இதுதான். நீ லீவில் வந்திருந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் தன் அம்மா வீட்டுத் தெருவில் சரண்யா காரைக் கொண்டுபோய், தறிக்காக நீட்டிக் கட்டியிருந்த பட்டு நூல் பாவின் மேல் ஏற்றிவிட்டாளே, அதில் அவள் தப்பு ஒன்றுமே இல்லை. தப்பு என்னுடையது. அது தெரிந்தே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். விசா வந்தும் அவள் அங்கே உன்னோடு குடித்தனம் நடத்த வராமல் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போடுவதற்கும் காரணம் இதுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் முட்டி போன பிறகு, கியர் மாற்றிக் கஷ்டப்படவேண்டாம் என்று ஆட்டோமேட்டிக் காராகப் பார்த்து வாங்கிக் கொடுத்தாய். "வாரா வாரம் எடுத்து ஓட்டுப்பா, நிறுத்தியே வச்சா கெட்டுப்போயிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நானும் ஒவ்வொரு ஞாயிறும் "எடுத்தேன்டா, மாகறல் வரைக்கும் போய் வந்தேன்" என்று கூசாமல் சொல்லிவந்தேன். எங்கே போனேன்? கல்யாண சீசன் என்றால் புடவை எடுக்க வந்த வேன்கள் தெருவை அடைத்துக்கொள்ளும், கோயில் உற்சவம் என்றால் போலீஸ்காரன் தடுப்பு வைத்துவிடுவான் என்று உன் அம்மாவிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். வாலாஜாபாத் அரிசி மில்லில் அவ்வளவு பெரிய மோட்டார்களையும் இன்ஜினையும் கட்டி மேய்த்தவன், மூன்று ஷேர் ஆட்டோவுக்கு நடுவில் ஒரு காரைக் கொண்டுபோகப் பயப்படுகிறான் என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கார் கவர் போட்டபடி ஷெட்டில் தூங்கியது. எப்போதாவது ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். அதுவும் மறந்துபோகும்.

போன மழைக்காலத்தில் பேட்டரி இறங்கிவிட்டதா பார்க்கலாம் என்று பானெட்டைத் திறந்தேன். இன்ஜினுக்குப் பின்புறம், கண்ணாடிக்குக் கீழே ஒதுக்குப்புறமான இடத்தில், உன் அம்மாவின் பழைய புடவைக் கிழிசல், தேங்காய் நார், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பஞ்சு எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எலி கூடு கட்டியிருந்தது. உள்ளே ரோஸ் நிறத்தில் விரல் நுனி அளவில் குஞ்சுகள். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அய்யோ, கண்ணு கூட இன்னும் தொறக்கலீங்க. சத்தம் போடாம பானெட்டை மூடுங்க. பெருசானதும் அதுங்களே போயிடும்" என்றாள். நம் வீடு தெரிந்ததுதானே. ஜைனர் வீட்டில் பிறந்துவிட்டு எலிப்பொறி வாங்குவதாவது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, விளக்கில் பூச்சி விழுமே என்று விளக்கையும் தள்ளி வைத்து வளர்ந்தவர்கள் நாம். மூடினேன். உன் அம்மா அதோடு விட்டாளா? தாய் எலி பட்டினி கிடக்குமே என்று தினமும் ஒரு பிடி பொரியைக் கொண்டுபோய் டயர் பக்கத்தில் வைத்தாள். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏதோ புண்ணியம் செய்கிற மாதிரி ஒரு நிறைவு.

ஆனால் அந்தக் கூட்டைப் பற்றிச் சரண்யாவிடம் மூச்சு விடக்கூடாது என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அவள் நம் வீட்டிலேயேதான் இருந்தாள், தினமும் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தாள். இருந்தும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? அவள் தறிக்காரர் வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் எலி பாவைக் கடித்துவிடும், ஒரே ராத்திரியில் மாசக்கணக்கான உழைப்பு போய்விடும், அதனால் பொறி வைப்பார்கள். இவளிடம் சொன்னால் தன் தம்பியைக் கூப்பிட்டுக் கொல்லச் சொல்லிவிடுவாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். உங்கள் கல்யாணத்துக்கு நான் மனசாரச் சம்மதித்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். நாம் போகிற அன்றெல்லாம் நம் வழக்கப்படி உருளைக்கிழங்கு, வெங்காயம் இல்லாமல் தனியாக அடுப்பு மூட்டிச் சமைக்கிற வீடு அவள் அம்மா வீடு. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை நான் உள்ளுக்குள் இப்படி நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதாமல் விட்டால் கடிதம் பொய்யாகிவிடும்.

குஞ்சுகள் கண் திறந்து, ஓடி, ஒருநாள் கூடு காலியானது. பக்குவமாகக் கூட்டை எடுத்துப் போட்டுவிட்டுக் காரை ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் இரைந்தது. சும்மா நிற்கும்போது, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற மீட்டர் முள் ஒன்றுக்குக் கீழே நிற்கவேண்டும். அது இரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் காலை ஆக்சிலரேட்டரில் வைக்கவே இல்லை. சூடானதும் இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. மில்லில் இருந்தவனுக்குக் காதுதான் கண். இது சரியான சத்தம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "எவ்வளவு நாளா சார் நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்பான், அது எப்படியாவது உன் காதுக்கு வரும், மாகறல் கதையெல்லாம் வெளியே வரும். நீ வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்து, கவரைப் போட்டுவிட்டேன்.

நீயும் வந்தாய். சரண்யா ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தாள். விசா வரும்வரை பஸ்ஸில் இடிபடாமல் வாலாஜாபாத் கிளினிக்குக்கு அவளே காரில் போகட்டும் என்று நீதான் சாவியைக் கொடுத்தாய். அன்று காலையில் அவள் அம்மா வீட்டில் டிபனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் ஓட்ட, நீ பக்கத்தில், நான் பின்சீட்டில். வாசலில் நின்ற உன் அம்மா கூட, "என்னாங்க, சத்தம் கூடுதலா இருக்குதே" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "காலங்காத்தால குளிர்ல அப்படித்தான் இருக்கும்" என்றேன். என்ன குளிர், காஞ்சிபுரத்தில்!

தெரு திரும்பியதுமே அவள் சொன்னாள். "ஏங்க, நான் மிதிக்கவேயில்ல, வண்டி தானா இழுத்துக்கினு போவுது." நீ சிரித்துக்கொண்டே, "ஆட்டோமேட்டிக் அப்படித்தான்மா ஊரும், பிரேக்ல காலை வை" என்றாய். கொஞ்ச தூரம் போய், "பிரேக் கல்லு மாதிரி இருக்குதுங்க" என்றாள். இந்த வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். அதற்குள் அவர்கள் தெரு வந்துவிட்டது. தெருவின் பாதி நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ "நிறுத்து, நிறுத்து, காலை எடு!" என்று கத்தினாய். அவள் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். பின்சீட்டிலிருந்து எனக்கு அவள் சீட்டை விட்டு எழும்பி மிதிப்பது தெரிந்தது. கார் நின்றபோது பாவு முன்சக்கரத்துக்கு அடியில் கிடந்தது, பாவைத் தாங்கியிருந்த மூங்கில் கட்டை முறிந்து பம்பரில் செருகியிருந்தது. ஆட்களெல்லாம் ஒதுங்கிவிட்டதால் யாருக்கும் அடிபடவில்லை. அவள் பிறந்து வளர்ந்த தெரு, அத்தனை பேரும் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். கதவைத் திறந்து இறங்கக்கூட முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டா" என்று நீ கூட்டத்திடம் சொன்னாய். அவள், "இல்லீங்க, பிரேக்கைத்தான் மிதிச்சேன்" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க சரண்யா" என்றாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பின்னாடிதானேப்பா இருந்த? நீயே சொல்லு" என்றாய். தம்பி, எனக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ளவே முடியாது. நீ கேட்டாய். தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் பார்த்தாள். நான், "புதுசுதானே, பழகப் பழகச் சரியாப் போயிடும்" என்றேன். எவ்வளவு பெரிய மனுஷத்தனமான பேச்சு! மருமகளை விட்டுக்கொடுக்காத மாமனார் என்றுகூட யாராவது நினைத்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் அவள் மேல் பழியை முத்திரை குத்தி ஒட்டினவன் நான்தான். இழை அறுந்த பாவுக்கு நாம் நஷ்டம் கொடுத்துவிட்டோம். அவளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நீ அதை ஒரு ஜோக்காகவே ஆக்கிவிட்டாய். உன் சித்தப்பா வீட்டு விருந்தில், "எங்க வீட்டு டிரைவருக்கு ரெண்டு பெடலும் ஒண்ணுதான்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். நீ கிளம்பிப் போனதும், அதுவரை அந்தத் தெருவிலேயே நின்ற காரை ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். பம்பர் மாற்றினார்கள். இன்ஜின் இரைகிறது என்று சொன்னதற்கு, "ஓட்டாம நிறுத்தின வண்டி சார், காத்து போற வழியில கரி பிடிச்சிருக்கும்" என்று சுத்தம் செய்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தும் இரைச்சல் குறையவில்லை. நான் பேசாமல் கவரைப் போட்டேன். சரண்யா சாவியைத் தொடவில்லை, பஸ்ஸிலேயே போய்வந்தாள்.

போன வாரம் நீ போனில் அவளிடம் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அவள் கிளினிக்கில் ஆள் இல்லை என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டு, கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய், "ஏம்மா தள்ளிப்போடுற? அவனோட எதுனா சண்டையா?" என்று கேட்டேன். "சண்டையெல்லாம் இல்ல மாமா" என்றாள். பிறகு துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "இங்கன்னா நீங்கல்லாம் இருக்கீங்க, எங்கம்மா இருக்காங்க. அங்க அவரை விட்டா எனக்கு யாரு இருக்குறாங்க? நான் ஒண்ணு சொன்னா அவரு நம்பணுமில்ல மாமா?" அவ்வளவுதான் சொன்னாள். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் பானெட்டைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டேன். சத்தத்துக்கு நடுவே எங்கோ உஸ்ஸென்று காற்று இழுப்பது போலிருந்தது. உன் அம்மா இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் அடிக்கிற பாட்டிலை வாங்கி, ஒவ்வொரு ரப்பர் குழாய் மேலும் இணைப்பு மேலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துப் பார்த்தேன். எங்கே அடித்தால் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் ஓட்டை. ஒவ்வொன்றாக அடித்தேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில், அந்தக் கூடு இருந்த இடத்துக்கு நேர் கீழே போகிற தடித்த குழாயில் அடித்ததும் இன்ஜின் ஒருதரம் திணறி மறுபடி இரைந்தது. கையை உள்ளே விட்டு, குழாயின் அடிப்பக்கத்தைத் தடவினேன். பல் பல்லாகக் கடித்த ஓட்டை. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கட்டைவிரலை வைத்து அடைத்தேன். விரலை இழுத்துப் பிடித்துக்கொண்டது, இன்ஜின் அப்படியே அடங்கியது. காருக்குள் எட்டிப் பார்த்த உன் அம்மா, "முள்ளு எறங்கிடுச்சுங்க" என்றாள்.

அது எந்தக் குழாய் என்று உனக்கு நான் சொல்லவேண்டும். இன்ஜின் காற்றை உறிஞ்சித்தான் ஓடுகிறது. அந்த உறிஞ்சலில் ஒரு பங்கு அந்தக் குழாய் வழியாக பிரேக்குக்குப் போகிறது. அந்தப் பலத்தில்தான் பெடலை லேசாக மிதித்தாலும் வண்டி நிற்கிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் வேண்டாத காற்று இன்ஜினுக்குள் போய் அது இரையும், ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் மிதிக்காமலேயே இழுத்துக்கொண்டு ஓடும். பிரேக்குக்குப் பலம் போய்ச் சேராது, பெடல் கல்லாகிவிடும். வண்டி தானாக இழுக்கிறது என்றாள், பிரேக் கல் மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு மெக்கானிக் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. ஷெட்டின் நடுவில் நின்று நான் அழுதேன். உன் அம்மா என்னைத் தேற்றவில்லை. "அன்னிக்கு உங்களுக்குச் சத்தம் வித்தியாசமா கேட்டுச்சா இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டது என்றேன். உள்ளே போய்விட்டாள்.

புதுக் குழாய் போட்டாகிவிட்டது. சாயங்காலம் சரண்யா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், கூடு, பொரி, மாகறல் பொய், அவளிடம் மறைத்த காரணம் உட்பட. அவள், "அப்போ பிரேக்கு?" என்றாள். "அதுவும் அந்த ஓட்டைதான்மா. நீ சரியாத்தான் மிதிச்ச" என்றேன். முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "எங்க தெருவுல வந்து இதைச் சொல்லுவீங்களா மாமா?" ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். ஓட்டு என்றேன், மாட்டேன் என்றாள். நானே ஓட்டினேன், பயந்துகொண்டேதான். பாவுக்காரரையும் அவள் அம்மாவையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு, தெருவில் நின்றே சொன்னேன். பாவுக்காரர், "எலி பண்ணுன வேலைதானா, விடுங்க சார்" என்று முடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா அப்படி விடவில்லை. ரொம்ப நிதானமாக, "உங்க வழக்கம் எங்களுக்குத் தெரியும் சம்பந்தி, நீங்க எலியை அடிக்க வேணாம். ஆனா கண்ணு தொறக்காத குஞ்சு மேல வச்ச எரக்கத்துல கொஞ்சம் எம் பொண்ணு மேல வச்சிருக்கக் கூடாதா?" என்றார். ஓர் உயிரையும் நோகடிக்கக் கூடாது என்று உனக்குச் சின்ன வயசிலிருந்து பாடம் நடத்தியவன் நான். அந்தத் தெருவில் தலையைக் குனிந்து நின்றேன். அப்படியும் எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை, வெங்காயம் போடாத சாம்பார்தான் வைத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது, "இன்னிக்கே அவனுக்கு எல்லாத்தையும் எழுதிடறேம்மா, அவனுக்குப் புரிஞ்சிடும்" என்றேன். என் பாரம் இறங்கிவிட்ட தெம்பில் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "வேணாம் மாமா. நீங்க சொன்னா அவரு உடனே நம்பிடுவாரு" என்றாள். நல்லதுதானே என்றேன். "அதான் மாமா வலிக்குது" என்றாள்.

அவள் வேண்டாம் என்றும் எழுதுகிறேன். ஒருமுறை பேசாமல் இருந்து செய்த கேடு போதும். ஆனால் தம்பி, இதைப் படித்துவிட்டு உடனே போனை எடுத்து, "அப்பா எல்லாம் சொன்னார், கார்லதான் கோளாறாம்" என்று ஆரம்பித்துவிடாதே. எலியைப் பற்றியோ குழாயைப் பற்றியோ பேசாதே. என்னைத் திட்டவும் வேண்டாம், அதை என்னிடம் தனியாகத் திட்டு. அவள் ஆறரைக்கு வீட்டுக்கு வருவாள். கூப்பிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளையே கேள். அவள் முதலில் ஒன்றுமில்லை என்பாள். மறுபடி கேள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல், அவள் சொல்கிறாள் என்பதற்காகவே அதை நம்பு.

அப்பா